கெமிக்ளீன் போட்ட பிறகு ஸ்கிம்மர் பொங்கி வழிகிறது: கப்பை எப்போது மாட்டலாம்?

உவர்நீர்
ரீஃப் டேங்க், அதாவது பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி. டிஸ்ப்ளே, சம்ப் (கீழே இருக்கும் துணைத்தொட்டி) சேர்த்து பாறை, மணல் போக நிகரத் தண்ணீர் 200 லிட்டர். மணல் முழுக்கப் படர்ந்த சிவப்புச் சளிக்குக் கெமிக்ளீன் போட்டு 48 மணி நேரம் முடிந்தது. 40 லிட்டர் தண்ணீரும் மாற்றியாயிற்று. சளி போய்விட்டது, பவளங்களும் விரிந்துதான் இருக்கின்றன. ஆனால் ஸ்கிம்மரில் (குமிழி விட்டு அழுக்கை நுரையாகப் பிரிக்கும் கருவி) நுரை சேரும் கப்பை மாட்டினால் உடனே நிரம்பி வழிகிறது. அவுட்லெட் வால்வை முழுக்கத் திறந்தாலும் அதே கதை. நிறுத்தி வைத்தாலோ மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கின்றன. ஸ்கிம்மரை ஓட்டுவதா, நிறுத்துவதா? மிச்ச மருந்தை உறிஞ்சும் கார்பன் எவ்வளவு, எப்போது?

சம்ப்வாசி
நிறுத்தவே வேண்டாம். மீன் மேலே வருதுன்னா பதில் அங்கேயே இருக்கு. ரீஃப் டேங்குல ஆக்சிஜன் ஏறுறதும் கார்பன் டை ஆக்சைடு வெளியேறுறதும் கணிசமா ஸ்கிம்மர் வழியாத்தான். 26 டிகிரியில, 35 பி.பி.டி. (ஆயிரத்துக்கு 35 பங்கு) உப்புத் தண்ணி முழுசா காற்று ஏறினாலே லிட்டருக்கு 6.6 மில்லிகிராம் அளவுக்குத்தான் ஆக்சிஜன் தாங்கும். நம்ம ஊர் கோடையில டேங்க் 29 தொட்டா இன்னும் கம்மி. அந்தக் கொஞ்சத்துலயும் செத்த சளியைத் தின்னுற பாக்டீரியா பங்கு கேட்கும். விடிகாலையிலதான் ரொம்ப இறங்கும்.

இப்போதைக்குக் கப்பைக் கழற்றிட்டு, இல்லன்னா கப்போட வடிகுழாயில சின்ன ஓஸ் மாட்டி அதைச் சம்போட முதல் அறைக்கே திருப்பி விட்டு ஓட்டுங்க. எனக்கு ரெண்டாவது வழிதான் பிடிக்கும். கப் இல்லாம விட்டா உப்புத்தண்ணி தெறிச்சு சம்ப் விளிம்பு, பிளக் பாயின்ட் எல்லாம் வெள்ளையா பூத்துடும். ஒயர் எல்லாம் பிளக்குக்குக் கீழே ஒரு தொங்கல் விட்டு மேலே ஏறுதான்னு இன்னைக்கே பாருங்க.

சம்ப்ல நுரை மிதக்கும். ரிட்டர்ன் பம்ப் அறைக்கு முன்னாடி தடுப்புல கரடுமுரடான ஸ்பாஞ்ச் ஒண்ணு வைங்க, நுண்குமிழி டிஸ்ப்ளேக்குப் போகாது. 200 மைக்ரான் ஃபில்டர் சாக் (வடிகட்டுற துணிப்பை) இருந்தா எடுத்துடுங்க. இந்த நுரையில சீக்கிரம் அடைச்சு மேல வழியும்.

டிஸ்ப்ளேயில ஏர் ஸ்டோன் ஒண்ணும் ராத்திரி ஓடட்டும்.

கடல்குதிரை
இவ்ளோ வேலை எதுக்கு ப்ரோ? காத்து வர்ற ஓஸ்ல வால்வு இருக்கும்ல, அதைப் பாதி மூடுங்க. நுரை தானா அடங்கும்.

சம்ப்வாசி
அடங்கும், கூடவே காத்தும் போயிடும். இப்ப ஸ்கிம்மர்கிட்ட கேட்கிற வேலையே காத்து ஏத்துறதுதான், அதையே மூடிட்டா அப்புறம் அது எதுக்கு ஓடணும்? காற்று முழுக்கத் திறந்து, அவுட்லெட் முழுக்கத் திறந்து, உள்ளே நீர்மட்டத்தை எவ்வளவு இறக்க முடியுமோ அவ்வளவு இறக்கணும். அவுட்லெட் திறந்தும் போதலைன்னா ஸ்கிம்மருக்கு அடியில அக்ரிலிக் துண்டு வச்சு 2, 3 செ.மீ. தூக்குங்க. சம்ப் தண்ணி ஆழம் குறைஞ்ச மாதிரி ஆகும்.

டேங்க் விளிம்புல தொங்கவிடுற ரக ஸ்கிம்மர் வச்சிருக்கிறவங்க மட்டும் கப்பைக் கழற்றக் கூடாது. நுரை நேரா தரைக்குத்தான் வரும். வடிகுழாயை டேங்குக்கே திருப்பிடுங்க.

நெய்தல்
ஏன் இப்படிப் பொங்குகிறது என்று தெரிந்துகொண்டால் வால்வை நோண்டும் ஆசை குறையும்.

ஸ்கிம்மர் பிரிப்பது, ஒரு முனை தண்ணீரோடு ஒட்டி மறுமுனை தண்ணீரை விட்டு விலகும் மூலக்கூறுகளை. அவை குமிழியின் தோலில் வந்து உட்காரும். சாதாரண நாளில் அவற்றின் அளவு குறைவு. கழுத்தில் ஏறும்போதே நுரையிலுள்ள தண்ணீர் கீழே வடிந்துவிடும். காய்ந்த, கரும்பழுப்பு நுரை மட்டும் கப்பில் விழும். இப்போது உங்கள் தண்ணீரில் மருந்தின் மிச்சம் இருக்கிறது, உடைந்த சயனோ (அந்தச் சிவப்புச் சளி) செல்களிலிருந்து வெளிவந்த புரதமும் பசையும் இருக்கின்றன. பரப்பு இழுவிசை இறங்கிவிடுவதால் குமிழி சிறுக்கிறது, எளிதில் உடைவதில்லை, ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாவதும் இல்லை. தண்ணீர் வடிவதற்குள் நுரை கப்பை எட்டிவிடுகிறது. சிறு குமிழிகள் மெதுவாக மேலேறுவதால் ஸ்கிம்மரின் உடலுக்குள் தங்கும் காற்றின் அளவும் கூடுகிறது, உள்மட்டம் தானாக உயர்கிறது. வால்வை முழுக்கத் திறந்தும் நிற்காததற்குக் காரணம் அதுதான். பம்பிலோ வால்விலோ பழுது இல்லை.

நேரெதிராக, எண்ணெய்ப் பசை நுரையைக் கொன்றுவிடும். உறைந்த மைசிஸ் இறால் தீனி போட்டாலோ கையை உள்ளே விட்டாலோ கொஞ்ச நேரத்துக்கு ஸ்கிம்மர் சுருண்டுவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். தீனி போட்ட கையோடு கப்பை மாட்டி, "அடங்கிவிட்டது" என்று நம்பித் தூங்கப் போகாதீர்கள். எண்ணெய் கரைந்து போனதும் பால் பொங்குவதுபோல் பொங்கும்.

இன்னொன்று. சயனோ உண்மையில் பாசி அல்ல, ஒளிச்சேர்க்கை செய்யும் பாக்டீரியா. அதனால்தான் இந்த மருந்துக்குச் சாகிறது. பச்சை முடிப்பாசிக்கு இதே மருந்தைப் போட்டுவிட்டுக் காத்திருப்பதில் பயனில்லை.

உவர்நீர்
வடிகுழாயைச் சம்புக்குத் திருப்பிவிட்டேன். மீன்கள் கீழே இறங்கிவிட்டன, நன்றி. ஆனால் இப்படிச் சுற்றிச் சுற்றி அதே தண்ணீருக்குள் விட்டால் மருந்து எப்படி வெளியேறும்?

கடல்குதிரை
கார்பன் போடுங்க ப்ரோ, முடிஞ்சுது. கப்பைத் திருப்பிவிட்டபடியே ஒரு வாரம் விட்டுடுங்க. கார்பன் இழுத்துக்கும்.

நெய்தல்
கார்பன் தேவை, அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் தண்ணீர் மாற்றுவதை மட்டும் நம்புகிறவர்களுக்காக ஒரு கணக்கு. 20 சதவீதம் ஒருமுறை மாற்றினால் மிச்சம் 80. இரண்டாம் முறை 64. மூன்றாம் முறை 51. ஆக 120 லிட்டர் உப்புத்தண்ணீர் கலந்து ஊற்றியும் பாதி மருந்து உள்ளேதான் இருக்கும். நுரையில் அப்படியில்லை. நுரைக்கும் பொருள்கள் டேங்க் தண்ணீரைவிட நுரையில் செறிவாக இருக்கும், ஆகவே ஒரு லிட்டர் நுரைத்தண்ணீரை வெளியேற்றுவது ஒரு லிட்டர் டேங்க் தண்ணீரை மாற்றுவதைவிடப் பலன் தரும். பொங்குகிற இந்தச் சமயத்தில் அதைப் பயன்படுத்திக்கொள்ளாமல் திருப்பி ஊற்றிக்கொண்டே இருப்பது வீண்.

கடல்குதிரை
பேப்பர்ல சரி. வேலைக்குப் போற ஆள் இதைச் செஞ்சா சாயங்காலம் வந்து வீட்டைத் துடைக்கணும். ஆள் இல்லாதப்போ ஈர நுரை எடுக்கிறது ஆபத்து.

சம்ப்வாசி
ரெண்டு பேர் சொல்றதும் சரிதான். ஆள் பக்கத்துல இருக்கிறப்போ நுரையை வெளியே எடுங்க. தூங்கும்போதும் வெளியே கிளம்பும்போதும் ஓஸைச் சம்புக்குத் திருப்பிடுங்க. ஓஸ் முனையை ஒரு இடத்துலேர்ந்து இன்னொரு இடத்துக்கு மாத்துறதுதான் வேலை.

வெளியே எடுக்கிறப்போ 20 லிட்டர் கேன், வெளியே லிட்டர் கோடு போட்டு வைங்க. கப்போட வடிகுழாயைவிடக் கேன் கீழே இருக்கணும். 12 மி.மீ. ஓஸ் நேரா இறங்கணும். நடுவுல தொங்கி மறுபடி மேலே ஏறினா அந்த வளைவுல தண்ணி தேங்கி, மேல காத்து அடைச்சு, கப் வழியும். கேன் மூடியில ஓஸ் நுழையுற ஓட்டை போக இன்னொரு சின்ன ஓட்டை கட்டாயம் போடுங்க. அது இல்லன்னா கேன் உள்ளே இருக்கிற காத்து வெளியேற வழியில்லாம தண்ணி இறங்காது, கேன் காலியா இருக்கும்போதே கப் வழியும். இது எல்லாரும் விடுற இடம்.

ஃப்ளோட் சுவிட்ச் இருந்தா கேன் உள்ளே மேல்பக்கம் வச்சு ஸ்கிம்மர் பம்பை அணைக்கிற மாதிரி இணைங்க. ஆனா சுவிட்ச் அணைச்சுட்டா டேங்குக்குக் காத்தும் நின்னுடும், ஏர் ஸ்டோன் தனி பிளக்ல ஓடட்டும்.

முதல்ல வர்றது கிட்டத்தட்டத் தெளிஞ்ச தண்ணியாத்தான் இருக்கும், அழுக்கே வரலைன்னு நினைக்காதீங்க. கழுத்தோட உள்பக்கத்தை ராத்திரிக்கு ஒருமுறை துணியால துடைங்க. சோப்புத் தண்ணிப் பக்கமே போகக் கூடாது, ஸ்கிம்மர் பாகத்துல ஒட்டின சோப்பு மறுபடி இதே கூத்தை ஆரம்பிச்சு வைக்கும்.

நெய்தல்
இதைச் செய்வதற்கு முன் ஏ.டி.ஓ.வை (ஆவியான அளவுக்குத் தானாக நன்னீர் நிரப்பும் கருவி) அணைத்துவிடுங்கள். மருந்தைவிட இதில்தான் பவளம் அடிபடுகிறது.

கேனுக்குப் போவது ஏறக்குறைய டேங்கின் உப்பளவிலேயே இருக்கும் தண்ணீர். சம்ப் மட்டம் இறங்கியதும் ஏ.டி.ஓ. அதை ஆவியாதல் என்று எண்ணி நன்னீரை ஊற்றும். உங்கள் 200 லிட்டரில் 10 லிட்டர் இப்படிப் போனால் 35 பி.பி.டி. 33.25 ஆகிவிடும். 20 லிட்டர் போனால் 31.5. கூடவே கால்சியம், அல்கலினிட்டி எல்லாமே அதே விகிதத்தில் இறங்கும், அல்கலினிட்டி 8.5 டி.கே.எச். இருந்தது 10 லிட்டருக்கே 8.1 ஆகும். ஓரிரவில் இது நடந்தால் எஸ்.பி.எஸ். (சிறு பாலிப் கல்பவளம்) நுனி வெளுக்கும், மருந்தின் மேல் பழி விழும்.

முன்கூட்டியே 40 லிட்டர் உப்புத்தண்ணீர் கலந்து, சூடேற்றி, காற்றுவிட்டு வையுங்கள். கேனில் எத்தனை லிட்டர் சேர்ந்ததோ அத்தனை லிட்டர் உப்புத்தண்ணீரைச் சம்பில் ஊற்றுங்கள். அதன் பிறகும் மட்டம் கோட்டுக்குக் கீழே இருந்தால் அந்த வித்தியாசம் மட்டுமே ஆவியானது, அதற்கு மட்டும் ஆர்.ஓ. தண்ணீர். காலை, மாலை ரிஃப்ராக்டோமீட்டரில் உப்பளவைப் பாருங்கள். அதை 35 பி.பி.டி. திரவத்தால் சரிபார்த்திருக்க வேண்டும், ஆர்.ஓ. தண்ணீரை வைத்துப் பூஜ்யம் பார்ப்பது மட்டும் போதாது.

உவர்நீர்
கார்பன் அளவு?

சம்ப்வாசி
உருண்டை வகை நல்ல கார்பன்னா உங்க அளவுக்கு மொத்தம் 150 கிராம் போதும். ஆனா முதல் நாள் பாதி, 75 கிராம் மட்டும். மருந்துக்காகக் கார்பனை வெளியே எடுத்து வச்சிருந்ததால தண்ணி கொஞ்சம் மஞ்சள் ஏறியிருக்கும். மொத்தமா போட்டா ஒரே நாள்ல தெளிஞ்சு, வெளிச்சம் பவளத்துமேல திடீர்னு கூடும். மறுநாள் மீதியைப் போடுங்க, லைட்டையும் சில நாளைக்குப் பத்து, பதினஞ்சு சதவீதம் குறைச்சு வைங்க.

ஆர்.ஓ. தண்ணியில கருப்புத் தூள் போற வரைக்கும் அலசணும். வலைப்பையில கட்டி, தண்ணி அதுக்குள்ள நுழைஞ்சு போற இடத்துல வைக்கணும். சம்ப் மூலையில சும்மா போட்டு வச்சா பைக்கு வெளியே இருக்கிற உருண்டை மட்டும்தான் வேலை செய்யும். ரியாக்டர்னா உருண்டை லேசா அசையணும், கொதிக்கக் கூடாது. உரசினா தூள் பறக்கும். மூணாம் நாள் பழசைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு மாத்துங்க. யு.வி., ஓசோன் ரெண்டும் மருந்து உள்ளே இருந்தப்போ அணைஞ்சு இருந்திருக்கும். கார்பன் போட்ட பிறகு திரும்பப் போடலாம்.

ஸோவா_ரசிகர்
இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். பிரையாப்ஸிஸ் என்ற பச்சைப் பாசிக்கு ஃப்ளூகோனசோல் போடப் போகிறேன். அதற்கும் ஸ்கிம்மர் கப்பைக் கழற்ற வேண்டுமா சார்?

நெய்தல்
பெரும்பாலும் வேண்டாம். ஃப்ளூகோனசோல் தண்ணீரை விரும்பும் மூலக்கூறு, குமிழியில் பெரிதாக ஒட்டாது. ஸ்கிம்மர் அதை இழுத்துவிடும் என்ற பயம் மிகையானது. லிட்டருக்கு 5 மில்லிகிராம் கணக்கு, 200 லிட்டருக்கு 1000 மில்லிகிராம். ஆர்.ஓ. தண்ணீரில் கலக்கிச் சம்பில் ஊற்றி, இரண்டு முதல் மூன்று வாரம் விடுவது வழக்கம். கார்பன் மட்டும் வெளியே இருக்க வேண்டும், அது மருந்தை உறிஞ்சும். இடையில் தண்ணீர் மாற்றினால் மாற்றிய அளவுக்கு மருந்தையும் சேர்க்க வேண்டும்.

தூய பொடி கிடைத்தால் அதுவே நல்லது. மருந்துக்கடை மாத்திரையில் பிணைப்புப் பொருளும் நிறமும் இருக்கும். சில மாத்திரைகளில் அந்தப் பிணைப்புப் பொருளே நுரைக்கும், அப்போது ஸ்கிம்மர் முதல் நாள் பொங்கினால் மருந்தின் வேலை என்று எண்ண வேண்டாம். வடிகுழாயைச் சம்புக்குத் திருப்பினால் போதும்.

உங்கள் தொல்லை பின்னால்தான் வரும். பிரையாப்ஸிஸ் மெதுவாக வெளுத்துச் சாகும்போது அது பிடித்து வைத்திருந்த நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் தண்ணீருக்குத் திரும்பும். முடிந்தவரை முன்பே கையால் பிடுங்கிவிடுங்கள், குறைவாகச் சாகட்டும். அந்தக் கட்டத்தில் ஸ்கிம்மர் முழு மூச்சாக, சற்று ஈரமாக ஓட வேண்டும்.

கடல்குதிரை
பாலிகுவாட் வகைப் பாசிக்கொல்லி போடுறவங்களுக்கும் ஒரு வார்த்தை. அந்த பாலிமர் தண்ணியில மட்டும் இல்லாம கண்ணாடி, பாறைன்னு பரப்புல ஒட்டிக்கும். ஸ்கிம்மர் கோளாறு விட்டு விட்டு வரும். இன்னைக்கு அடங்கிடுச்சுன்னு வால்வை இறுக்கினா மாட்டிப்பீங்க.

உவர்நீர்
நுரை இப்போது கழுத்தின் விளிம்பை எட்டுகிறது, ஆனால் ஓடி வழிவதில்லை. பழைய நிலைக்கு வால்வைக் கொண்டுவரலாமா?

சம்ப்வாசி
இன்னும் வேணாம். அவுட்லெட் முழுக்கத் திறந்த நிலையிலேயே கப்பை மாட்டி அரை மணி நேரம் பக்கத்துல இருந்து பாருங்க. நுரை கழுத்தோட பாதியில நின்னுட்டா ஓஸைக் கேனுக்கு விட்டபடியே அப்படியே விடுங்க. மறுநாள் வால்வைக் கால் சுத்து மூடுங்க. அதுக்கு மேல ஒரே நாள்ல போக வேணாம். ஸ்கிம்மர் ஒரு மாத்தத்துக்குப் பதில் சொல்லவே பல மணி நேரம் ஆகும். அதுக்குள்ள மூணு தடவை திருகினா எந்தத் திருகலுக்கு எது நடந்ததுன்னு தெரியாது.

எங்க நிறுத்தணும்னா, உடம்பும் கழுத்தும் சேர்ற இடத்தைப் பாருங்க. தண்ணியா கொப்பளிக்கிறது அந்த இடத்துக்குக் கீழேயே முடிஞ்சு, மேல உருண்டை உருண்டையா, மெதுவா ஏறுற நுரை இருக்கணும். அதான் உங்க மட்டம். அந்த நிலையில வால்வுல பெயின்ட் மார்க்கர்ல ஒரு கோடு போட்டுடுங்க.

கெமிக்ளீனுக்கு இதெல்லாம் சேர்த்துப் பொதுவா சில நாள்லேர்ந்து ஒரு வாரம் ஆகும். கார்பன் மாத்தியும் ஒரு வாரத்துக்கு மேல குமுறினா வேற காரணத்தைத் தேடுங்க. பவளம் ஒட்டின எபாக்ஸி, கற்றாழை கலந்த வாட்டர் கண்டிஷனர், புது ஸ்பாஞ்ச், கையில ஹேண்ட்வாஷ், இல்ல சம்ப் மட்டமே அந்த ஸ்கிம்மருக்குச் சொன்ன அளவைவிட ஏறியிருக்கும்.

நெய்தல்
எதிர்ப்பக்கமும் நடக்கும், அதற்கும் தயாராக இருங்கள். கார்பனும் தண்ணீர் மாற்றமும் முடிந்த பிறகு இரண்டு மூன்று நாள் ஸ்கிம்மர் எதையுமே எடுக்காமல் நிற்கலாம். அது இயல்பு, எடுக்க ஒன்றும் இல்லை. உற்பத்தி வரட்டும் என்று வால்வை மூடிக்கொண்டே போனால், கரிமப்பொருள் திரும்பிய இரவில் கேன் நிறையும். முதலில் காற்று ஓஸின் வாயைப் பாருங்கள். இத்தனை நாள் தெறித்ததில் காற்றை இழுக்கும் வென்டூரி ஓட்டையில் உப்பு படிந்திருக்கும். பம்ப் ஓடும்போதே ஓஸ் வழியாக வெதுவெதுப்பான ஆர்.ஓ. தண்ணீர் கொஞ்சம் உறிஞ்ச விட்டால் கரைந்துவிடும். பம்பையே சுத்தம் செய்வதானால் லிட்டருக்கு 50 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்து, தனி வாளியில் அரை மணி நேரம் ஓட்டி, நன்றாக அலசுங்கள்.

இந்தச் சமயத்தில் ஜி.எஃப்.ஓ. (பாஸ்பேட்டை உறிஞ்சும் இரும்பு ஆக்சைடு) ரியாக்டரை ஆரம்பிக்காதீர்கள். சளி செத்ததும் பாஸ்பேட் ஏறுமே என்று முன்கூட்டியே போடுகிறவர்கள் உண்டு. கார்பன், முழு வேக ஸ்கிம்மர், ஜி.எஃப்.ஓ. மூன்றும் சேர்ந்தால் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யத்துக்குப் போகலாம். சயனோ காலி செய்த மணலில் அடுத்துக் குடியேறுவது டைனோ (டைனோஃபிளாஜெல்லேட் என்ற நுண்ணுயிர்). அதற்கு கெமிக்ளீனும் கேட்காது, ஃப்ளூகோனசோலும் கேட்காது. அளந்து பாருங்கள். நைட்ரேட் 5 முதல் 10, பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பி.பி.எம். வரை இருந்தால் விட்டுவிடலாம்.

கடல்குதிரை
சளி திரும்ப வராம இருக்க அந்த மணல் பக்கம் வேவ்மேக்கரைத் திருப்புங்க, தண்ணி மாத்தும்போது மணலை சைஃபன் பண்ணுங்க. மருந்து காரணத்தைத் தொடாது.

கரன்ட் விஷயம் யாரும் சொல்லலையே. கரன்ட் போனா டிஸ்ப்ளே தண்ணி சம்புக்கு இறங்கும், மட்டம் ஏறும். கரன்ட் வந்ததும் ஸ்கிம்மரும் ரிட்டர்னும் ஒண்ணா கிளம்பினா, மட்டம் இறங்குறதுக்குள்ள ஸ்கிம்மர் ஒரு கப் வழிய விட்டுடும். சாதாரண நாள்லயே இப்படி, நுரைக்கிற தண்ணியில கேட்கவே வேணாம். ஸ்மார்ட் பிளக்ல ஸ்கிம்மருக்கு மட்டும் 10 நிமிஷம் தாமதம் வைங்க. தீனி போட ரிட்டர்னை நிறுத்தினா ஸ்கிம்மரையும் நிறுத்துங்க. இன்வெர்ட்டர்ல ஸ்கிம்மரை மட்டும் போட்டு ரிட்டர்னை விட்டா இதே கதைதான். அதுக்குப் பதிலா பேட்டரி ஏர் பம்ப் ஒண்ணு வாங்கி டிஸ்ப்ளேயில தொங்க விடுங்க.

உவர்நீர்
தாமதம் வைத்துவிட்டேன். கடைசியாக, ஏ.டி.ஓ.வை எப்போது திரும்பப் போடலாம்?

நெய்தல்
ஒரு முழு நாளில் கேனில் சேர்வது அரை லிட்டருக்குக் கீழே வந்து, அது தேநீர் நிறத்துக்குத் திரும்பிய பிறகு. போடுவதற்கு முன் உப்பளவைச் சரிசெய்து முடியுங்கள். 34 இருந்தால் ஒரே மூச்சில் 35-க்கு ஏற்றாமல், ஆவியாவதற்கு ஈடாக ஊற்றும் ஆர்.ஓ. தண்ணீருக்குப் பதில் ஓரிரு நாள் உப்புத்தண்ணீர் ஊற்றினால் தானாக ஏறிவிடும். அதன் பிறகு சென்சாரைப் பழைய கோட்டில் வையுங்கள். நன்னீர்த் தொட்டியில் ஒரு நாளுக்கு ஆவியாகும் அளவைவிட அதிகம் நிரப்பாமல் சில நாள் ஓட்டுங்கள். ஸ்கிம்மர் மறுபடி குமுறினாலும் அதற்கு மேல் நன்னீர் உள்ளே போக வழி இருக்காது.